அமெரிக்கப் பள்ளிகளில் வெள்ளையரல்லாத ஆசிரியர்கள்: கேள்வி பதில்

நியூ ஜெர்சி பொதுப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகவும், புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாகவும் (மென்டர்) இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இங்கே வெள்ளையரல்லாத ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: பொதுப் பள்ளி மாணவர்களில் வெள்ளையர் பாதிக்கும் கீழே வந்து பல வருடமாகிறது. ஆசிரியர்களில் இன்னும் பத்துக்கு எட்டுப் பேர் அவர்கள்தான். இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் பிரித்து வைக்கக் கூடாது என்று 1954-ல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு தென் மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தவர்கள், அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. இப்போது ஆள் எடுக்கிறார்கள். எடுத்தவர்கள் தங்குவதில்லை என்பதுதான் என் கவலை.

கேள்வி: அக்கா, எந்த இந்தியப் பெற்றோர் வந்தாலும் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மறுத்தால் தப்பாகுமா?

பதில்: தப்பே இல்லை. இதைத்தான் அன்றைய கல்வி அமைச்சர் ஜான் கிங் 2016-ல் 'கண்ணுக்குத் தெரியாத வரி' என்று எழுதினார். கறுப்பின ஆண் ஆசிரியர் என்றால் அடங்காத பையன்களெல்லாம் அவர் வகுப்புக்கு. ஸ்பானிஷ் தெரிந்தவர் என்றால் மொழிபெயர்ப்பு. பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாத நிகழ்ச்சி கறுப்பின ஆசிரியர் தலையில், தீபாவளி நிகழ்ச்சி உங்கள் தலையில். எல்லாமே சம்பளமில்லாத வேலை. பாடம் தயாரிக்கும் பிரெப் பீரியடில் பள்ளியின் மாணவர் ஆலோசகர் எட்டிப் பார்த்து "அஞ்சு நிமிஷம்" என்றால், தேதி, கூப்பிட்டவர், போன நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளை பிரின்சிபலிடம் கொடுத்து, "இந்த வேலைக்கு ஸ்டைபெண்ட், அதாவது தனிப் படி தாருங்கள், இல்லையென்றால் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லஞ்ச் ட்யூட்டியை எடுத்துவிடுங்கள்" என்று கேளுங்கள். யூனியன் பிரதிநிதிக்கும் ஒரு காப்பி போகட்டும். பெற்றோருக்கு மொழி உதவி ஏற்பாடு செய்வது பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் நிர்வாகத்தின் பொறுப்பு.

கேள்வி: நான் துணை பிரின்சிபல். எங்களிடம் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியை. அவர் போய்விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த காலியிடத்தில், அவர் தனியாக உணராதபடி அவரைப் போன்ற இன்னொருவரைத் தேடுங்கள். அதுவரை, பக்கத்துப் பள்ளிகளில் அவரைப் போல் இருப்பவர்களைச் சந்திக்க வேலை நேரத்திலேயே விடுங்கள். சனிக்கிழமை வரச் சொல்லாதீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான அட்வான்ஸ்டு வகுப்புகளையும் அவருக்குக் கொடுங்கள். அவர் பாடத்தைக் குறை சொல்லி ஒரு பெற்றோர் மின்னஞ்சல் போட்டால், பதில் எழுதும் முன் அவரைக் கேளுங்கள். டென்னசி மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19% கூடுதலாக இருந்தது. உங்கள் ஆசிரியை போனால் இழப்பு அந்தப் பிள்ளைகளுக்கு.

கேள்வி: வெளிநாட்டு ஆசிரியர்கள் சில வருடம் வந்து வேலை பார்க்கும் ஜே-1 விசாவில் வந்தவன். என் உச்சரிப்பை மதிப்பீட்டு அறிக்கையிலேயே குறையாக எழுதியிருக்கிறார்கள். புகார் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: பாடம் புரிவதற்கு உண்மையில் தடையாக இருந்தால் தவிர, உச்சரிப்பை வைத்து உங்கள் வேலையில் கைவைக்க முடியாது, 1964 சிவில் உரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். அமெரிக்க மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு 180 நாளுக்குள் போக வேண்டும். பல மாநிலங்களில் 300 நாள் வரை அவகாசம் உண்டு. அப்புறம், உங்களை இந்த விசாவில் வரவழைத்த ஸ்பான்சர் அமைப்பிடமும் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஜே-1 காரர்களுக்கென்றே அவசர உதவி எண் இருக்கிறது, கூப்பிடுங்கள்.