கருத்தரங்கில் நவகாலனியம்: ஓர் உருக்காலையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வையும் அரசியல் விடுதலையையும் மார்க்சியம் எப்படிப் பார்க்கிறது என்று பதினைந்து நிமிடம் பேச வேண்டும். உபரி, சுரண்டல், ஏகாதிபத்தியம் என்று பெரிய சொற்களாகவே வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெரிய சொற்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவை எடுங்கள், அங்கும் ஒரே ஓர் ஆலையை.

1957இல் விடுதலை பெற்ற கானாவுக்குக் கொக்கோதான் பிழைப்பு. அதன் விலையோ லண்டனிலும் நியூயார்க்கிலும் முடிவானது. இந்தப் பிடியிலிருந்து விடுபடத்தான் நாட்டின் தலைவர் குவாமே நிக்ரூமா வோல்டா ஆற்றில் அகோசொம்போ அணையைக் கட்டினார். உள்ளூர் பாக்சைட்டை (அலுமினியத் தாது) அலுமினா என்ற இடைப்பொருளாக்கி, அணை மின்சாரத்தில் உருக்கி, அலுமினியமாக விற்பது திட்டம். தேமா துறைமுகத்தில் கைசர், ரெனால்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் உருக்காலை அமைத்தன. ஆனால் அதற்கான அலுமினா கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. கானாவின் பாக்சைட் கச்சாவாகவே கப்பலேறியது. நாட்டின் பங்காக ஆலைக்குப் போனது முக்கியமாக மின்சாரம், அதுவும் நீண்டகால ஒப்பந்தப்படி மிக மலிவாக.

இங்கே நிதானமாகப் பேசுங்கள். படை வரவில்லை, ஒப்பந்தமும் சட்டப்படிதான். இருந்தும் மூலதனம், சந்தை, தொழில்நுட்பம் மூன்றும் வெளியார் கையில். கொடி மாறினாலும் உபரி, அதாவது உழைப்பவர் தம் கூலிக்கு மேல் உண்டாக்கும் மதிப்பு, போகும் வழி மாறவில்லை என்பதே மார்க்சியர்களின் வாதம். விடுதலைக்குப் பின்னும் பொருளாதாரத்தின் வழியே தொடரும் இந்த அந்நியப் பிடிதான் நவகாலனியம். நிக்ரூமாவே 1965இல் அதைப் பற்றி நூல் எழுதினார். அடுத்த பிப்ரவரியில் இராணுவம் அவரைக் கவிழ்த்தது.

"எல்லாப் பழியும் வெளிநாட்டுக்காரன் மேலா?" என்று நிச்சயம் கேட்பார்கள். நீங்களே முந்திக்கொள்ளுங்கள். அரசின் கொக்கோ வாரியம் விவசாயிக்கு உலக விலையைவிடக் குறைவாகக் கொடுத்து மீதியை வைத்துக்கொண்டது. 1961இல் செகொண்டி-தகோராடியில் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தலைவர்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். இதை மறைத்துப் பேசினால் அது தேசியவாதம். வர்க்க ஆய்வு ஆகாது.

முதலாளித்துவத்துக்குள்ளேயே தொழில்மயமான தென்கொரியாவைப் பற்றியும் கேட்கலாம். நிலச் சீர்திருத்தம், வங்கிக் கடன்மீது அரசின் பிடி, பனிப்போரால் கிடைத்த அமெரிக்க உதவி என்று காரணங்கள் சொல்லலாம். ஆனாலும் விளிம்பு நாடுகள், அதாவது பணக்கார நாடுகளைச் சார்ந்து நிற்கும் ஏழை நாடுகள், முதலாளித்துவத்துக்குள் இருந்தபடி தொழில்மயமாக முடியாது என்று அடித்துச் சொன்ன சார்புநிலைக் கோட்பாட்டாளர்களுக்கு அது பலத்த அடிதான். மழுப்ப வேண்டாம்.