யாரை எண்ணி எழுதிய அட்டவணை?

அன்புள்ள ஐயா,

புள்ளியியலில் இளங்கலை முடிக்கப்போகிறேன். காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றின் இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவேரியல் சயின்ஸில் முதுகலை படிக்கக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க எண்ணம். அங்கே நேராக வேலைக்குத் தயார்செய்யும் படிப்பு ஒன்றும், ஆய்வேடு எழுதும் எம்.மேத். என்ற கணித முதுகலைப் படிப்பும் உள்ளன. எனக்கு ஆய்வில் ஆசை. தொழில்முறைத் தேர்வுகளே போதும், ஆய்வேடு வீண் என்கிறார்கள் வீட்டில். ஆய்வு ஏட்டுச்சுரைக்காய் ஆகிவிடுமா? எந்தத் தலைப்பை எடுத்தால் வேலை எளிதில் கிடைக்கும்?

மீ.

அன்புள்ள மீ.,

வானியலாளர் எட்மண்ட் ஹாலி, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணையைப் பற்றி 1693இல் எழுதிய கட்டுரையைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எந்த முதுகலைப் பட்டமும் தனியாக உங்களை ஆக்சுவரி ஆக்காது. தேர்வுகளை எப்படியும் எழுதத்தான் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் ஏராளம். வீட்டாரின் கவலை அன்பிலிருந்து வருவது, பொறுமையாகப் பேசுங்கள். சம்பளக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள்.

கடைசிக் கேள்விதான் எனக்குக் கோபமூட்டியது. வேலை தரும் தலைப்பை மற்றவரிடம் கேட்டு வாங்கி அதில் ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேலைக்குத் தயார்செய்யும் அந்தப் படிப்பிலேயே சேர்ந்துவிடுங்கள். அது நல்ல படிப்பு. ஆய்வேட்டுக்கு நீங்களே விடாமல் சுமக்கும் ஒரு கேள்வி வேண்டும்.

ஹாலியிடம் அது இருந்தது. லண்டன், டப்ளின் நகரங்களின் இறப்புப் பதிவுகளில் இறந்தவர்களின் வயது இல்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறி இறந்தவர்களும் அவற்றில் கலந்திருந்தார்கள். ஆகவே அவர், பாதிரியார் காஸ்பர் நாய்மன் வயதோடு திரட்டிய பிரெஸ்லாவு நகரத்துப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். அது கடலுக்குத் தொலைவில், வந்துபோவோர் குறைவாக இருந்த ஊர். சூத்திரத்துக்கு முன்பே, யாரை எண்ணியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் அந்தக் கேள்வியைக் கேட்காததன் விலையை மக்கள் பணமாகவே கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நடந்த வெள்ளையர் கம்பெனிகள் இந்திய உயிர்களுக்குக் கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியர்களுக்கும் வழக்கமான விகிதத்திலேயே காப்பீடு தந்தது. என் பெரியப்பா காப்பீட்டு முகவராக இருந்தவர். பனையேறி ஒருவருக்கு, ஆபத்தான தொழில் என்று கூடுதல் பிரீமியம் சொன்னபோது, எங்கள் ஊரில் பனையிலிருந்து விழுந்து செத்தவர்களை யார் எண்ணினார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். பெரியப்பா நெடுநேரம் விகிதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் விடை இல்லை. திண்ணையில் இருந்த சிறுவனான எனக்கு அந்தப் பனையேறி கேட்டது நியாயமாகப் பட்டது. இன்றும் அப்படியே படுகிறது.

இன்றும் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் கையாளும் 2012-14 இறப்பு விகித அட்டவணை, பாலிசி எடுத்தவர்களின் அனுபவத்திலிருந்து உருவானது. பாலிசியே எடுக்காத சித்தாளும் மீனவரும் அதில் இல்லை. வருங்கால இறப்பு விகிதங்களை முன்கணிக்க உலகம் முழுதும் கையாளும் லீ-கார்ட்டர் முறை 1992இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு எழுதப்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கான, வயதுவாரியான இறப்புப் பதிவுகள் வேண்டும். அவ்வளவு நீண்ட பதிவு இல்லாத ஒரு மக்கள்கூட்டத்துக்கு ஓய்வூதியத் திட்டம் வகுக்கிறவர் என்ன செய்வார், தன் கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதை எப்படிச் சொல்வார் என்பதை யாராவது உட்கார்ந்து ஆராயத்தான் வேண்டும். தேர்வுத்தாளில் அட்டவணையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கணக்கைக் கேட்பார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் என்றீர்கள். ஃபிலிப் லுண்ட்பெரி 1903இல் ஸ்வீடனின் உப்சாலாவில் அளித்த ஆய்வேட்டைக் காப்பீட்டுக்காரர்களும் கணிதக்காரர்களும் நெடுங்காலம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பிறகு, தானும் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹரால்ட் கிராமர் அதைத் துல்லியமான கணிதமாக்கினார். இழப்பீட்டுக் கோரிக்கைகள் அடுத்தடுத்து வந்தால் ஒரு நிறுவனம் திவாலாவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை மாணவர்கள் இன்றும் அவ்விருவர் பெயரிலுள்ள மாதிரியிலிருந்துதான் கற்கத் தொடங்குகிறார்கள். லுண்ட்பெரியும் காப்பீட்டுத் துறையில்தான் வாழ்நாள் முழுதும் உழைத்தார்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரையில், சிறுவயது முதல் கணிதத்தில் ஆர்வம் என்று தொடங்கியிருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். உங்கள் ஊரில் எந்த அட்டவணையிலும் இல்லாதவர் யார் என்று எழுதுங்கள். பின்னர் அந்தத் துறையின் ஆசிரியர்களுடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, இந்தக் கேள்விக்கு அருகில் வேலை செய்பவர் எவரோ அவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் உங்கள் நோக்கக் கட்டுரையை எனக்குக் காட்டுங்கள்.