அம்மாவுக்கு ஒரு கார்டு போடுங்கள்

தம்பி, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையில் இருந்து நீக்கப்பட்டு இரண்டு வருடமாகிறது, அம்மா போனையே எடுப்பதில்லை, தங்கை கல்யாணத்தைக்கூட வாட்ஸ்அப் படத்தில்தான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அம்மாவுக்குப் பாசம் வற்றிவிட்டதாக நினைக்காதீர்கள். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவர மௌனம்தான் வழி என்று, பாவம் செய்கிற சகோதரனோடு பழகாதே என்கிற பைபிள் வசனத்தை (1 கொரிந்தியர் 5:11) காட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மௌனத்தை அவர் அன்பு என்றே நம்புகிறார். வாதாடி அதை உடைக்க முடியாது.

ஆனால் கதவு முழுசாகச் சாத்தவில்லை. தவிர்க்க முடியாத குடும்ப விஷயங்களுக்குப் பேசலாம் என்பது அவர்கள் வழக்கத்திலேயே உண்டு. 2024-ல் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள்: நீக்கப்பட்டவர் அவர்கள் கூட்டம் நடக்கும் ராஜ்ய மன்றத்துக்கு வந்தால் சுருக்கமாக நலம் விசாரிக்கலாம். சபையை எதிர்த்துப் பேசுகிறவருக்கு இது கிடையாது. அதனால் ஃபேஸ்புக்கில் சண்டை இப்போதைக்கு வேண்டாம்.

நானும் வேறொரு சபையில் இருந்து வெளியே வந்தவன். அப்பா ஐந்து வருடம் பேசவில்லை. மாதம் ஒரு கார்டு போடுவேன். மதம் பற்றி ஒரு வரி இருக்காது. மொட்டைமாடிக் கத்தரிச்செடி, அவருடைய சுகர் மாத்திரை, பேத்திக்குப் பல் முளைத்தது, அவ்வளவுதான். பதிலே வந்ததில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். தலையணைக்கடியில் அத்தனை கார்டும், ரப்பர் பேண்ட் போட்டு.

அம்மாவுக்காக மட்டும் மனசில்லாமல் திரும்பிப் போய்விடாதீர்கள், அது உங்களைத் தின்றுவிடும். இந்த வாரமே ஒரு கார்டு எழுதுங்கள். அப்புறம் தங்கைக்கும் தனியாக ஒன்று.