டிராயிங் வராத பிள்ளைக்கு ‘கிராபிகல்’ பாடம் சரிவருமா?

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் கம்பஸில் கணினி விஞ்ஞானம், இரண்டாம் வருடம். அடுத்த செமஸ்டரில் ‘வரைவியல் பயனர் இடைமுகச் செய்நிரலாக்கம்’ என்று ஒரு பாடம் வருகிறது. அட்டனில் கிளாஸ் நடத்தும் ஒருவர், “இது கிராபிக்ஸ் பாடம், டிராயிங் வராத பிள்ளைகள் பெயிலாகிவிடும். நம்மிடம் மூன்று மாத கோர்ஸ் இருக்கிறது, 65,000 ரூபா. கிராபிக்ஸ் கார்ட் போட்ட லேப்டாப்பும் நாங்களே எடுத்துத் தருவோம்” என்றாராம். 10,000 ரூபா முற்பணம் கொடுத்தாயிற்று. “அவளுக்குக் கோலம்கூட நேராகப் போட வராது சேர். மிச்சக் காசைக் கட்டவா?” என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள் ஐயா. லேப்டாப்பும் அவரிடம் வாங்க வேண்டாம்.

பெயரில் ‘கிராபிகல்’ என்று இருப்பதை வைத்து உங்களைப் பயங்காட்டியிருக்கிறார். இது படம் வரையும் பாடமே இல்லை. வங்கி மெஷினில் நீங்கள் தொடும் பட்டன், போனில் நம்பர் அடிக்கும் கட்டம், ‘சரியா, ரத்தா’ என்று கேட்டு வரும் சின்னப் பெட்டி, இவைதான் அந்த இடைமுகம். முன்பு கணினி என்றால் கறுப்புத் திரை, அதில் கட்டளையை எழுத்தில் அடிக்க வேண்டும். 1973இல் அமெரிக்காவில் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வகம் செய்த ஆல்ட்டோ கணினியில் ஜன்னல்களும் மவுஸும் வந்தன. 1984இல் ஆப்பிளின் மெக்கின்டொஷ் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கறுப்புத் திரையிலிருந்து பிரித்துச் சொல்லத்தான் ‘கிராபிகல்’. நிறம், அழகு பற்றி ஓரிரு விரிவுரை வரலாம், அவ்வளவுதான்.

மகளுக்குக் கஷ்டம் வரப்போவது வேறு இடத்தில். முதல் வருடத்தில் அவள் எழுதிய செய்நிரல்கள் (புரோகிராம்கள்) அட்டன்–நுவரெலியா பஸ் மாதிரி. புறப்பட்டால் ஒவ்வொரு தரிப்பிடமாகப் போய்க் கடைசியில் நிற்கும். இந்தப் பாடத்தில் எழுதுவது ஸ்டாண்டில் நிற்கும் த்ரீவீல் மாதிரி. அடுத்து யார் வருவார், எங்கே போகச் சொல்வார் என்று சாரதிக்குத் தெரியாது. காத்திருக்க வேண்டும், ஆள் வந்ததும் கிளம்ப வேண்டும், திரும்பி வந்து மறுபடி காத்திருக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் இதைச் செய், ஜன்னலை மூடினால் அதைச் செய் என்று தனித்தனியாக எழுதி வைத்துவிட்டுச் செய்நிரலைக் காத்திருக்க விடுவது. மேலிருந்து கீழே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இரண்டு மூன்று கிழமை தலை சுற்றும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றும், பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு குழி இருக்கிறது. ஸ்டாண்டில் ஒரே ஒரு த்ரீவீல். அது நுவரெலியாவுக்கு ஹயர் போய்விட்டால் அடுத்து வருபவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பட்டனை அழுத்தியதும் பெரிய கோப்பு ஒன்றை இறக்கச் சொல்லி எழுதினால் இதுதான் நடக்கும். திரை உறைந்து ‘நொட் ரெஸ்பொண்டிங்’ என்று வரும். தூர ஹயருக்கு இன்னொரு வாகனத்தை அனுப்பிவிட்டு, முதல் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்க வேண்டும். போய் வந்தவரும் கணக்குப் புத்தகத்தை, அதாவது திரையை, தானாகத் தொடாமல் ஸ்டாண்டில் இருப்பவரிடம் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். மகளிடம் இதை இப்படியே சொல்லுங்கள், விரிவுரை வரும்போது புரிந்துகொள்வாள்.

நம்முடைய நாட்டில் இன்னொரு சோலி உண்டு. எந்த அரசாங்கப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். ‘சப்மிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆறெழுத்து. ‘சமர்ப்பிக்கவும்’ என்பதற்கு நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து. புள்ளியையும் விசிறியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது பதினைந்து. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் இதைப் போட்டால் ‘சமர்ப்பிக்’ என்று நடுவில் அறுந்து நிற்கும். பட்டனின் இடத்தை அங்குலக் கணக்கில் ஆணியடிக்காமல், உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப விரிய விடும் முறையைத்தான் பாடத்தில் ‘லேஅவுட்’ என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் போனால் அரசாங்க இணையத்தளங்களாவது உருப்படும். இப்போது சிலவற்றில் தமிழ்ப் பொத்தானை வாசிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, லேப்டாப். இந்தப் பாடத்துக்குக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இவை இருந்தால் பழைய மெஷினே போதும். ஒரே ஒரு விலக்கு. பாடத்தில் ஆண்ட்ராய்ட் ஆப் செய்யச் சொன்னால் எட்டு ஜிபி திணறும், ஏனென்றால் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய்ப் போனை ஓடவிட வேண்டும். அதற்காகவும் புது மெஷின் வாங்கிவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் போனையே யுஎஸ்பி வயரில் செருகி அதில் ஓட்டிப் பார்க்கலாம். போனின் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் ‘பில்ட் நம்பர்’ என்று ஒரு வரி இருக்கும். (சில போன்களில் இன்னும் ஒரு படி உள்ளே.) அதை ஏழு தரம் தட்டினால் ‘டெவலப்பர் ஒப்ஷன்ஸ்’ திறக்கும், அதில் ‘யுஎஸ்பி டிபக்கிங்’கைப் போட வேண்டும். வயரும் சும்மா சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயராக இருக்கக்கூடாது, அதில் தரவு போகாது. ஒரு பிள்ளை இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் சந்தையில் வாங்கிய வயர்தான்.

மென்பொருளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஜாவா என்ற செய்நிரல் மொழியும் அதோடு வரும் ஸ்விங் என்ற இடைமுகக் கருவியும் இலவசம். பைதன் என்ற மொழியும் இலவசம், விண்டோஸில் அதை நிறுவும்போதே டிகின்டர் என்ற இடைமுகக் கருவி கூடவே வந்துவிடும். ‘ஃபுல் வெர்ஷன்’ என்று பென்டிரைவில் போட்டு விற்பவரிடம் வைரஸும் சேர்த்து வாங்கலாம். கிளாஸ்காரரிடம் எதில் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விஷுவல் பேசிக் 6 என்ற பழைய மொழி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அது 1998இல் வந்தது, அதில் எழுதும் கருவிக்கு மைக்ரோசொஃப்ட் 2008இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. யூடியூப்பிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து ஜாவாஎஃப்எக்ஸ் என்ற இன்னொரு இடைமுகக் கருவியைத் தனியாக இறக்க வேண்டும். அதற்கு முந்திய பாடத்தைப் பார்த்துச் செய்தால் தொடக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் பிழை வரும், பிள்ளை தன்மீதுதான் பிழை என்று நினைக்கும்.

கிளாஸ்காரரைவிட மோசமானவர்கள் ஒப்படை விற்பவர்கள். செமஸ்டர் முடிவில் ‘ரெடிமேட் புரொஜெக்ட்’ என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள். ஒரு வருடம் நான் திருத்திய மூன்று நூலக மென்பொருட்களில் ‘உறுப்பினர்’ என்பது மூன்றிலும் ஒரே மாதிரி ‘உறுபினர்’ என்று இருந்தது. ஒரு பிள்ளையிடம், “இந்தப் பட்டனை அழுத்தினால் எந்த வரி ஓடும், காட்டு” என்றேன். மவுஸைப் பிடித்தபடி பத்து நிமிடம் அழுதது. அதற்கு 20,000 ரூபா கொடுத்திருந்தார்களாம், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் கம்பஸில் படிப்பிக்கும் நாங்களும்தான். உயர்தரம்வரை தமிழில் படித்த பிள்ளைக்கு ஒரே நாளில் எல்லாம் ஆங்கிலம். பாடத்தில் என்ன வரும் என்ற ஒரு பக்கத் தாளைக்கூட முதல் விரிவுரைக்குப் பிறகுதான் கொடுக்கிறோம். விடுமுறையிலேயே கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? இதைக் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. அந்த இடைவெளியில்தான் அட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே பெயர்ப்பலகைகள் முளைக்கின்றன.

மகள் இந்த விடுமுறையில் ஒரே ஒரு சின்ன வேலை செய்யட்டும். கம்பஸ் லேபில் இருக்கும்போதே பைதனை இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மழைக்கு மேட்டில் ஏறி சிக்னல் தேட வேண்டியதில்லை. ஒரு ஜன்னல். அதில் பெயர், பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை, ஒரு பட்டன். அழுத்தினால் முழுப்பேரா அரைப்பேரா (முழு நாள் சம்பளமா, பாதியா) என்று காட்ட வேண்டும். முழுப்பேருக்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதால் அந்த எண்ணை மாற்றவும் ஒரு கட்டம் வேண்டும். நிறைக் கட்டத்தில் யாராவது ‘பதினெட்டு’ என்று எழுத்தில் அடித்தால் செய்நிரல் விழாமல் சொல்லித் திருத்த வேண்டும். முதலில் அதைக் கொப்பியில் பென்சிலால் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொள்ளட்டும். இவ்வளவும் ஓடினால் பாடத்தின் முதல் மாதம் கையில் வந்த மாதிரி. கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை.

அந்த 10,000 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிளாஸ் தொடங்குவதற்கு முன், இந்தக் கிழமையே போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். “ஸ்விங்கா, டிகின்டரா, எதில் படிப்பிக்கிறீர்கள்?” என்று அவளே கேட்கட்டும். பதில் எதுவானாலும் காசைத் திருப்பிக் கேளுங்கள். பாதியையாவது வாங்காமல் படியிறங்காதீர்கள்.