இரண்டு அணிகள் சமமா? சி நிரலில் விடை மாறிவரும் காரணம்

கேள்வி: சி மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு அணிகளில் (array: ஒரே பெயரில் வரிசையாக வைத்த எண்களின் தொகுப்பு) அதே எண்கள் அதே வரிசையில் உள்ளனவா என்று சொல்லும் நிரல் எழுத வேண்டும். அணிகளின் பெயர்களை == குறியிட்டு ஒப்பிட்டால் எப்போதும் 'சமமல்ல' என்றே வருகிறது. ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போட்டு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டால், 4, 8, 15 என்ற அணியையும் 4, 9, 15 என்ற அணியையும் 'சமம்' என்கிறது. எங்கே தவறு?

பதில்: இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தவறுகள். சி மொழியில் இவ்வாறு ஒப்பிடும்போது அணியின் பெயர் அதன் முதல் உறுப்பு இருக்கும் நினைவக முகவரியாக மாறிவிடும். தனித்தனியே அறிவித்த இரண்டு அணிகள் நினைவகத்தில் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், அவற்றின் எண்கள் முழுதும் ஒத்திருந்தாலும் முகவரிகள் ஒத்துப்போவதில்லை. பைத்தானில் இரண்டு பட்டியல்களை == குறியால் ஒப்பிட்டால் உள்ளிருக்கும் மதிப்புகளே ஒப்பிடப்படும் என்பதால், அந்த மொழியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கே குழம்புவது இயல்பே.

லூப்பில் உள்ள தவறுதான் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. நீங்கள் சொல்லும் விளைவைப் பார்த்தால், எண்கள் ஒத்தால் விடையை வைத்திருக்கும் மாறியில் (variable) 1, ஒவ்வாவிட்டால் 0 என்று ஒவ்வொரு சுற்றிலும் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தாளில் எழுதிப் பாருங்கள்: முதல் சுற்றில் 4, 4 ஒத்துப்போகின்றன, மாறி 1, இரண்டாம் சுற்றில் 8, 9 வேறுபடுகின்றன, மாறி 0, மூன்றாம் சுற்றில் 15, 15 ஒத்துப்போவதால் மாறி மீண்டும் 1. நடுவில் கண்டுபிடித்த வேறுபாட்டைக் கடைசிச் சுற்று அழித்துவிட்டது.

அணிகள் சமமல்ல என்று சொல்ல ஒரே ஒரு வேறுபாடு போதும். சமம் என்று சொல்லவோ எல்லா உறுப்புகளையும் பார்த்து முடித்தாக வேண்டும். ஆகவே லூப்புக்கு முன்பே மாறியில் 1 என்று வைத்துவிட்டு, எண்கள் வேறுபட்டால் மட்டும் அதை 0 ஆக்கி, பிரேக் கட்டளையால் உடனே வெளியேறுங்கள். ஒத்தால் 1 ஆக்கும் எல்ஸ் பகுதியே வேண்டாம். 0 ஆன மாறியை மறுபடி 1 ஆக்கும் வரி எதுவும் லூப்பினுள் இருக்கக் கூடாது. விடையை அச்சிடும் வரியும் லூப்புக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

நீளங்கள் வேறானால் லூப்புக்குள் நுழையாமலே 'சமமல்ல' என்று சொல்லிவிடலாம். அணியின் எல்லையைத் தாண்டிப் படித்தால் சி மொழி தடுப்பதில்லை என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒப்பீட்டைத் தனி ஃபங்ஷனாக எழுதினால் நீளத்தையும் அதற்கு அனுப்புங்கள்; ஃபங்ஷனுக்கு அணியின் முகவரியைக் கொண்ட சுட்டி (pointer) மட்டுமே செல்வதால், அதற்குள் அளவைக் கேட்கும் சைஸ்ஆஃப் தருவது அந்தச் சுட்டியின் அளவையே, அணியின் அளவை அன்று.

வரிசை முக்கியமில்லை, அதே எண்கள் இருந்தால் போதும் என்று ஆசிரியர் கேட்டால் கணக்கே வேறு. ஒன்றில் உள்ள ஒவ்வோர் எண்ணும் மற்றதில் இருக்கிறதா என்று தேடுவது போதாது: 4, 4, 8 என்பதும் 4, 8, 8 என்பதும் இருபுறமும் அந்தச் சோதனையில் தேறிவிடும். இரண்டையும் நகலெடுத்து, ஏறுவரிசைப்படுத்தி, பின்பு மேலே சொன்ன லூப்பையே பயன்படுத்துவது தொடக்க நிலையில் நல்ல வழி.

திருத்திய நிரலை முதல் எண் மட்டும் வேறான அணிகள், கடைசி எண் மட்டும் வேறான அணிகள், ஒரே உறுப்புள்ள அணிகள் ஆகிய மூன்றையும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.