சட்ட மேடை: அப்பா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி

கேள்வி: என் தந்தை கடந்த தை மாதம் காலமானார். அவர் பெயரில் லைசென்ஸ் பெற்று வைத்திருந்த 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிப்பது) இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. லைசென்ஸ் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளதால் அதுவரை கவலை வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள். அது சரிதானா? (வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: சரியல்ல. இந்த இதழ் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியே கடிதம் எழுதியிருக்கிறேன். துப்பாக்கி லைசென்ஸ் என்பது வீட்டுக்கோ குடும்பத்துக்கோ துப்பாக்கிக்கோ தரப்படுவதல்ல. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி அது ஒரு குறிப்பிட்ட மனிதருக்குத் தரப்படும் அனுமதி. அவர் மறைந்தால், தாளில் எத்தனை ஆண்டு மிச்சமிருந்தாலும், அந்த அனுமதி வேறு எவரையும் காக்காது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டுகளும் அதிகபட்சம் 5 ஆண்டுகளும் சிறைத் தண்டனை உண்டு. தந்தையின் நினைவாக எடுத்து வைத்தேன் என்று நீதிமன்றக் கூண்டில் நின்று சொன்ன மகன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மைதான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வழக்கு வழக்காகவே நடந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது எளியது. சட்டத்தின் 21-ஆவது பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்த ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. துப்பாக்கியோடு மீதமுள்ள தோட்டாக்களையும் எண்ணி ஒப்படைத்து, துப்பாக்கியின் எண் தெளிவாக எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எடுத்துச் செல்லும் முன்பே காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால் வழியில் சிக்கல் வராது.

ஒப்படைப்பதால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடாது. உங்கள் பெயரில் புதிய லைசென்ஸ் கிடைத்தபின் அதைத் திரும்பப் பெறலாம். அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெறலாம். ஆனால் விதிகளில் சொன்ன காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால், மாவட்ட நிர்வாக நடுவரின் அதிகாரம் பெற்ற ஆட்சியர் அதை அரசுடைமையாக்க உத்தரவிடலாம். 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் வாரிசுகளுக்குத் தனி வழி வைத்திருப்பதால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் வாழ்நாளிலேயே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு மாற்றித் தரலாம்.

கேள்வி: துப்பாக்கிக் கடைக்காரர்கள் எந்தச் சட்டப்படி இயங்குகிறார்கள்? யார் வேண்டுமானாலும் போய் வாங்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வாங்குபவரிடம் லைசென்ஸ் இல்லையென்றால் கடைக்காரர் ஒரு தோட்டாகூட விற்கக் கூடாது. நீங்கள் முதலில் போக வேண்டியது கடைக்கல்ல. மாவட்டங்களில் ஆட்சியரிடமும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் மருத்துவர் சான்று வேண்டும்; துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்கப்படும். காவல் நிலையத்தார் உங்கள் முந்தைய வழக்குகள், குணம், சொல்லும் காரணத்தின் உண்மை ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தருவார்கள். லைசென்ஸ் கிடைத்தால் அது 5 ஆண்டுகள் செல்லும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 2019 வரை மூன்று என்று இருந்தது.

அதன் பிறகே கடை. கடைக்காரருடைய உரிமம் படைக்கலச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்கீழ் வருகிறது. விற்பதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் அந்த உரிமம் தேவை. ஊர்ப் பட்டறையில் விசைவில்லைச் சரிசெய்வது, செய்து தருபவருக்கும் துப்பாக்கியைக் கொடுப்பவருக்கும் ஆபத்து என்பதைக் கிராமத்து வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறிக்கப்படாத துப்பாக்கியைக் கடைக்காரர் விற்க முடியாது. வாங்குபவரின் லைசென்ஸில் எந்த வகைக்கு அனுமதி, ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா, ஓர் ஆண்டில் எத்தனை என்று எழுதியிருக்கும். அதைச் சரிபார்த்து, விற்ற விவரத்தை அந்த லைசென்ஸிலும் தம் பதிவேட்டிலும் எழுத வேண்டும். அதிகாரிகள் வந்து இருப்பையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உரிமமின்றி ஆயுதம் விற்பதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுகள். ஆயுள் தண்டனை வரையும் போகலாம். ஆகவே, நல்ல கடைக்காரர் ஒருவர் பத்துத் தாள்களைப் புரட்டிப் பார்த்து உங்களைக் காக்க வைத்தால் கோபப்படாதீர்கள். ஒரு துப்பாக்கி யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதற்கு அந்தப் பதிவேடுதான் சாட்சி. துப்பாக்கி தவறான கைக்குப் போகாமல் இருப்பது பெரிதும் அவருடைய கவனத்தில் இருக்கிறது.

கேள்வி: சரணாலயத்தை ஒட்டி மக்காச்சோளம் பயிரிட்டிருக்கிறேன். இரவில் காட்டுப்பன்றிகள் நிலத்தையே உழுதுவிடுகின்றன. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழலின் வாய்வழியே மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஆனால் உங்கள் நிலம் சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் ஆட்சியர் புதிய லைசென்ஸ் தர இயலாது. இன்னொன்றும் உண்டு. லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்திருக்கத்தான் அனுமதி; பன்றியைச் சுட அனுமதி அல்ல. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால் அதற்கு வனத்துறையின் அனுமதி தனியே வேண்டும். விளைந்த கதிர் ஒரே இரவில் போவதன் வலி எனக்குத் தெரியும். ஆயினும் லைசென்ஸுக்கு அலையும் மாதங்களில் பயிர் போய்விடும் என்பதால், பயிர்ச் சேத இழப்பீட்டுக்கான மனுவை இன்றே வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள்.

கேள்வி: காரணம் சொல்லாமல் என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது? (வாசகர், மதுரை)

பதில்: மறுப்பதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது படைக்கலச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. பொது நலனுக்குப் பாதகம் என்று அவர் கருதினால் தவிர, நீங்கள் கேட்டால் அதன் சுருக்கத்தையும் தர வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது. காரணத்தைக் கேட்டு இன்றே, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபால் அனுப்புங்கள். 18-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்வதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், பதில் வரும்வரை காத்திருக்காமல் மனுவைத் தயார் செய்துகொள்ளுங்கள்.