மகள் மடித்த பக்கம்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு குன்னூரில் எட்டுப் பெண்கள் கூடி, புதிதாகப் படித்த நாவலைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் இமையத்தின் 'செல்லாத பணம்'. "பெத்தவங்க பேச்சைக் கேக்காத பொண்ணு, பட்டுத் தெரிஞ்சுகிட்டா" என்றேன். ஒரு தோழி எழுந்து போய்விட்டார்; இப்போது பேசுவதே இல்லை. கூடலூரில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கும் இதையே சொல்லித்தான் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் கோபப்படவில்லை. ஒரு பக்கத்தின் மூலையை மடித்துத் திருப்பித் தந்தாள், நான் நீவிச் சரிசெய்துகொண்டேன். மனதில் பட்டதைச் சொல்வது தப்பா?

பதில்: தோழியின் கோபம் இருக்கட்டும் அம்மா. மகள் மடித்தது எந்தப் பக்கம்? கடிதத்தில் அதைக் காணோம். புத்தகம் கெட்டுவிடுமே என்று நீவத் தெரிந்த உங்களுக்கு, "ஏன் கண்ணு மடிச்ச?" என்று கேட்கத் தோன்றவில்லையே!

நாவலில், பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். தலைமை ஆசிரியரான அப்பா நடேசன் அவளோடு பேச்சையே நிறுத்திவிடுகிறார். உடல் வெந்து ஜிப்மர் தீக்காயப் பிரிவில் அவள் கிடக்கும்போதுதான் பணத்தோடு நிற்கிறார். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். அதைப் படித்த நீங்கள் அப்பாவின் மௌனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், பெண்ணுக்கு மட்டும் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்வது இப்படியல்ல. படித்து முடித்த இரண்டு நாளுக்குள் மூன்று இடங்களைப் பக்க எண்ணோடு குறித்துவையுங்கள்: மேலே படிக்க முடியாமல் மூடிவைத்த இடம், சலித்த இடம், நம்ப முடியாத இடம். கூட்டத்தில் அதில் ஒன்றிலிருந்து பத்து வரி வாசித்துக்காட்டி, ஏன் என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். கதைச் சுருக்கம் சொல்ல ஆரம்பித்தால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். இது பெரும்பாலும் பேச்சிலேயே நகரும் நாவல். சொந்தக்காரர்கள் பேசுவதை எழுத்தாளரின் கருத்தாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் சறுக்கும் இடம்.

மகள் விஷயம் வேறு. தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டுப் புத்தகத்தை நீட்டினால், வாங்குகிறவள் எப்படி வாய் திறப்பாள்? பக்கத்தை மடிக்கத்தான் அவளால் முடிந்திருக்கிறது.

எவ்வளவு நீவினாலும் மடிப்புக்கோடு போகாது. இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். மூலையில் மெல்லிய நிழலாகக் கோடு தெரியும். அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படியுங்கள். தூக்கம் வந்து அடையாளத்துக்கு மடித்ததாகவும் இருக்கலாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பெற்றவளுக்கு உரிமை கிடையாது. கட்டிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போனில் கேட்காதீர்கள், அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊட்டி வழியாகக் கூடலூருக்கு பஸ் ஏறுங்கள். அவள் தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று தொடங்கினால் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் வரும். பக்கத்தைப் பிரித்துவைத்து, "இந்த இடத்துல ஏன்மா மடிச்ச?" என்று கேளுங்கள். பிறகு அவள் பேசி முடிக்கும்வரை நீங்கள் பேசக்கூடாது. அடி, மிரட்டல் என்று ஏதாவது வந்தால் "அனுசரிச்சுப் போ" என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. அவள் வருகிறேன் என்றால் அன்றைக்கே கூட்டிவாருங்கள். 181 பெண்கள் உதவி எண்ணுக்கும் பேசுங்கள்.

தோழி வீட்டுக்கு அதற்கப்புறம் போய்க்கொள்ளலாம்.